தலையில் அடிபட்டவரைக் காப்பாற்றிவிட்டீர்கள், அவர் வீட்டோடு யார் பேசுவது?

தமிழ்நாடு மக்கள் நல்வாழ்வுத் துறைக்கும், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் நரம்பு அறுவை சிகிச்சைப் பிரிவுகளை நடத்தும் டாக்டர்களுக்கும்,

வணக்கம்.

தலையில் அடிபட்டு உங்களிடம் வந்து, உயிர் பிழைத்து வீட்டுக்குத் திரும்புகிற ஒவ்வொருவரோடும், அவரைக் கூட்டிக்கொண்டு போகிற குடும்பத்தோடும் உட்கார்ந்து பேசுவதற்கென்றே ஒரு ஆளை வையுங்கள். டிஸ்சார்ஜுக்கு முன்னால் ஒருமுறை, அதற்கப்புறம் குறைந்தது ஒரு வருஷத்துக்கு அவ்வப்போது. இதைக் கேட்கத்தான் எழுதுகிறேன். புதுக் கட்டடமோ மெஷினோ இதற்குத் தேவையில்லை. பயிற்சி பெற்ற ஒரு ஆள், ஒரு மேசை, கதவு சாத்திப் பேச ஒரு சின்ன அறை போதும்.

என் வீட்டுக்காரர் டைல்ஸ் போடுகிற மேஸ்திரி. திருச்சி மாவட்டத்தில் ஒரு சின்ன ஊர் எங்களுடையது. வேலை முடிந்து வண்டியில் வரும்போது ஒரு லோடு ஆட்டோ தட்டி விழுந்தார், ஹெல்மெட் டேங்க் மேல் இருந்தது. 108 வந்தது, ஸ்கேன் எடுத்தார்கள், அன்று ராத்திரியே ஆபரேஷன். மூளை வீங்கியிருந்ததால் மண்டையோட்டில் ஒரு பகுதி எலும்பை எடுத்து வயிற்றுத் தோலுக்கடியில் வைத்துத் தைத்து, சில மாதம் கழித்துத் திரும்ப எடுத்துப் பொருத்தினார்கள். முதல் 48 மணி நேரச் செலவு "இன்னுயிர் காப்போம்" திட்டத்தில் போனது. 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் அந்தத் திட்டம் தொடங்கியபோது டிவியில் பார்த்துவிட்டு வேறு சேனல் மாற்றிய வீடுதான் எங்களுடையது, நமக்கே தேவைப்படும் என்று யார் நினைப்பார்கள். அந்தத் திட்டத்துக்கும், அன்று ராத்திரி நின்று ஆபரேஷன் செய்த டாக்டர்களுக்கும், வென்டிலேட்டர் பக்கத்தில் கண் விழித்த நர்ஸ் பிள்ளைகளுக்கும் நான் வாழ்நாள் முழுக்கக் கடன்பட்டவள். அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன். உயிரைக் காப்பாற்றத் தெரிந்தவர்களிடம்தானே மிச்சத்தையும் கேட்க முடியும்.

2022-ல் தமிழ்நாட்டுச் சாலைகளில் 64,105 விபத்துகள், 17,884 சாவுகள் என்று மத்திய அரசின் விபத்து அறிக்கை சொல்கிறது. விபத்து எண்ணிக்கையில் நாட்டிலேயே நாம்தான் முதல். காயம்பட்டவர்களை அந்த அறிக்கை பலத்த காயம், லேசான காயம் என்று பிரிக்கிறது, அவ்வளவுதான். பலத்த காயம் என்கிற அந்த ஒரே கட்டத்துக்குள் கால் முறிந்து மூணு மாதத்தில் மறுபடி நடந்தவரும் இருக்கிறார், என் வீட்டுக்காரரும் இருக்கிறார்.

டிஸ்சார்ஜ் அன்று கையில் கொடுத்த தாளில் ஜி.சி.எஸ். 15/15 என்று எழுதியிருந்தது. அது அடிபட்டவருக்கு எவ்வளவு நினைவு இருக்கிறது என்று பார்க்க, கிளாஸ்கோவில் 1974-ல் இரண்டு டாக்டர்கள் கொண்டுவந்த அளவு என்பதெல்லாம் அப்புறம் தெரிந்துகொண்டேன். கண் திறக்கிறாரா என்பதற்கு நாலு, கேட்டதற்குக் குழப்பமில்லாமல் பதில் சொல்கிறாரா என்பதற்கு அஞ்சு, கையைத் தூக்கு என்றால் தூக்குகிறாரா என்பதற்கு ஆறு, ஆக மொத்தம் 15. என் வீட்டுக்காரர் மூன்றிலும் முழு மார்க். தையல் பிரிக்கும் தேதி, ஃபிட்ஸ் வராமலிருக்க மாத்திரை, ஓ.பி.க்கு மறுபடி வர வேண்டிய நாள், எல்லாம் சரியாகத்தான் எழுதியிருந்தார்கள். "நல்லாப் பாத்துக்கங்கம்மா, டென்ஷன் பண்ணாதீங்க" என்றார் டாக்டர். வெளியில் அடுத்த ஸ்ட்ரெச்சர் காத்திருந்தது, அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் என்னத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்தவர் வேறு ஆளாக இருந்தார். சோற்றைப் போட்டு வைத்தால் தட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், "சாப்பிடுங்க" என்று சொன்னால்தான் கை போகும். ஒரு சாவு வீட்டில் சிரித்துவிட்டார். மிக்ஸி ஓடினால் காதைப் பொத்திக்கொண்டு கத்துவார், ஒருநாள் ஜாரைத் தூக்கி எறிந்தார், அதே ஆள் பத்து நிமிஷத்தில் ஒன்றுமே நடக்காதது மாதிரி காபி கேட்பார். அடுப்பில் பால் பொங்கி அடிபிடித்துப் புகை வருகிறது, பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறவருக்குத் தெரியவில்லை. அவருக்கு வாசனையே போய்விட்டது என்று எங்களுக்குப் புரியவே ரொம்ப நாள் ஆனது. கேஸ் கசிந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது.

வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஊர் முழுக்க அவரைத் தப்பாக எடைபோட்டது அதை வைத்துத்தான். டைல்ஸ் வெட்டுகிற மெஷினைக் கையில் கொடுத்தால் இன்றைக்கும் கோடு பிசகாமல் வெட்டுவார், அந்தக் கை மறக்கவில்லை. ஆனால் பத்துக்குப் பன்னிரண்டு அறைக்கு எத்தனை பெட்டி வேண்டும், வாட்டம் எந்தப் பக்கம் விட வேண்டும், எந்த மூலையிலிருந்து ஆரம்பித்தால் வெட்டுத் துண்டு வாசலில் தெரியாமல் மறைவாகப் போகும் என்றெல்லாம் முன்பு கண்ணாலேயே கணக்குப் போடுகிறவர், இப்போது அறை நடுவில் போய் நின்றுவிடுவார். யாராவது "இதை எடுங்க, இங்கே வைங்க" என்று சொல்லச் சொல்லச் செய்வார், சொல்லாவிட்டால் நிற்பார். கூட வேலை செய்தவர்கள் நல்லவர்கள்தான், அவர்களும் எத்தனை நாள் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். "பார்க்க நல்லாத்தானே இருக்கான், சோம்பேறி ஆயிட்டான்" என்று பேச்சு வந்துவிட்டது. கால் தள்ளாடும், பேச்சு கொஞ்சம் குழறும், அதனால் ராத்திரி வாகனச் சோதனையில் குடித்திருக்கிறான் என்று பின்னால் உட்கார்ந்து போனவரை இறக்கி நிற்க வைத்தார்கள்.

இதற்கெல்லாம் காரணம் என்ன என்று எனக்கு முதன்முதலில் சொன்னவர் ஒரு கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் அம்மா. வேறொரு மருத்துவமனையில், வேறு ஒருத்தரைப் பார்க்கப் போன இடத்தில், யாரோ அவரைக் காட்டினார்கள், வராண்டாவில் ஒரு பெஞ்சில் உட்கார வைத்து அரை மணி நேரம் பேசினார். தூக்குச் சட்டியில் கெட்டித் தயிரை எடுத்துக்கொண்டு ஓடினால் தயிர் எப்படிச் சட்டியின் பக்கங்களில் மோதி உடையுமோ அப்படித்தான் மூளையும் உள்ளே மோதும் என்றார். மண்டையோட்டின் அடித்தளம் முன்பக்கம் கரடுமுரடாக இருக்கும், அதனால் வண்டியிலிருந்து விழுகிறவர்களுக்கு வெளியே அடி எங்கே பட்டிருந்தாலும் நெற்றிக்குப் பின்னாலிருக்கிற பகுதியும் காதோரப் பகுதியும் அதிகமாக அடிபடும். ஒரு வேலையைத் தானாக ஆரம்பிப்பது, திட்டம் போடுவது, கோபத்தை அடக்குவது, இடம் பார்த்துப் பேசுவது எல்லாம் நெற்றிப் பக்கத்து வேலை. ஞாபகம் காதோரத்து வேலை. மூக்கிலிருந்து மேலே போகிற மெல்லிசு நரம்புகள் அறுந்தால் வாசனை போய்விடும். தனக்குக் குறை இருக்கிறது என்பதே தெரியாமல் போவதும் அந்தக் காயத்தின் பகுதிதான், "எனக்கு ஒண்ணும் இல்லை, எதுக்கு எல்லாரும் என்னையே பாக்கறீங்க" என்று அவர் சண்டை போடுவது பிடிவாதத்தால் இல்லை. சாயங்காலத்தில் கோபம் கூடுவது அலுப்பினால், நாள் முழுக்க மற்றவர்களைவிட இரண்டு மடங்கு பாடுபட்டு யோசித்த மூளை ஓய்வு கேட்கிறது. ஃபிட்ஸுக்குக் கொடுக்கிற சில மாத்திரைகள், லெவிடிராசெட்டம் மாதிரி, சிலருக்கு எரிச்சலைக் கூட்டும், தானாக நிறுத்திவிடாதீர்கள், டாக்டரிடம் சொல்லி மாற்றிக் கேளுங்கள் என்றார். இனிமேல் ஒரு சொட்டுக் குடித்தாலும் மற்றவர்களைவிட அவருக்கு வேகமாக ஏறும், ஃபிட்ஸ் வர வாய்ப்பும் கூடும் என்றும் சொல்லி அனுப்பினார்.

அரை மணி நேரம்தான். வீட்டுக்கு வரும் பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன், ஆனால் வந்த அன்றைக்கே சில விஷயங்களை மாற்றினோம். காலையில் எழுந்ததிலிருந்து என்னென்ன செய்ய வேண்டும் என்று பெரிய எழுத்தில் எழுதி அடுப்படிச் சுவரில் ஒட்டினேன். போனில் அலாரம் வைத்தோம், மாத்திரைக்கு ஒன்று, குளிக்க ஒன்று. ஒரு நேரத்தில் ஒரு விஷயம்தான் சொல்வது, அதையும் சின்னதாகச் சொல்வது. மத்தியானம் டிவி இல்லாமல் ஒரு மணி நேரம் படுக்கை. அவருக்குக் கோபம் ஏறுகிறது என்று தெரிந்தால் நியாயம் பேசிக்கொண்டு நிற்காமல் நாங்கள் வாசலுக்குப் போய்விடுவது. மிக்ஸி அவர் வெளியே போயிருக்கும்போதுதான். எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லவில்லை, ஆனால் வீட்டில் சாமான் உடைவது நின்றது, பையன் மறுபடி அப்பா பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தான். அந்த அம்மா பெஞ்சில் சொன்னதை டிஸ்சார்ஜ் அன்றே ஒருவர் சொல்லியிருந்தால் இடையில் போன மாதங்களில் எங்கள் வீட்டில் நடந்த எத்தனையோ நடந்திருக்காது.

சொல்ல யாரும் இல்லாத இடத்தில் மற்றவர்கள் சொல்ல வருவார்கள். என் மாமியார் பையன்மேல் உயிரையே வைத்திருப்பவர். விழுந்த இடத்தில் ஏதோ காத்துக் கருப்பு பிடித்துவிட்டது என்று யாரோ சொல்ல, மந்திரித்துக் கயிறு கட்டினோம், அப்புறம் குணசீலத்துக்குக் கூட்டிக்கொண்டு போனோம். அங்கே ஒரு மண்டலம் இருந்தால் மனம் தெளியும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை, பெருமாளை நான் குறைத்துப் பேச மாட்டேன், அங்கே போனதில் என் மாமியாருக்குக் கிடைத்த ஆறுதல் நிஜம். ஆனால் அங்கே உட்கார்ந்திருந்த குடும்பங்களோடு பேசிப் பார்த்தால் இரண்டு பேராவது "வண்டியில விழுந்ததுக்கு அப்புறம்தாங்க இப்படி" என்றார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவர்கள்தான் அவர்களும். 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகத்தில் சங்கிலியில் கட்டிப் போட்டிருந்த 28 பேர் தீயில் கருகிச் செத்தார்கள், அதற்கப்புறம்தான் மனநலக் காப்பகங்கள் மேல் அரசு கண் வைத்தது. வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ள வழி தெரியாத குடும்பங்கள்தான் அப்படிப்பட்ட இடங்களுக்குப் போய்ச் சேர்கிறார்கள்.

பெண்கள் சார்பாக ஒன்று சொல்ல வேண்டும், இதை ஓ.பி. வரிசையில் நின்றுகொண்டு யாரும் சொல்ல மாட்டார்கள். அடிபட்டு வந்த புருஷன் சிலருக்குக் கிட்டேயே வருவதில்லை, சிலருக்கு இடம் நேரம் தெரியாமல் பிள்ளைகள் முன்னாலேயே கை போடுகிறார், மறுத்தால் அடி. இரண்டுமே மூளைக் காயத்தில் வரக்கூடியவை, இரண்டுக்கும் டாக்டரிடம் வழி உண்டு. ஆனால் மாமனார் கூட நிற்க, பின்னால் இருபது பேர் எட்டிப் பார்க்க, இளம் டாக்டர் ஒருவரிடம் ஒரு பொம்பளை இதை எப்படிச் சொல்வாள்? தாய்வீட்டில் சொன்னால் "உசுரோட கெடச்சானே, பொறுத்துப் போ" என்கிறார்கள். காயத்தினால் வந்த கோபம் என்றாலும் அடி அடிதான், அவளும் பிள்ளைகளும் பத்திரமாக இருக்க வேண்டும், அதற்கு என்ன செய்யலாம், எப்போது மனநல டாக்டரிடம் உடனே கூட்டிக்கொண்டு போக வேண்டும், எப்போது வீட்டை விட்டு வெளியே வர வேண்டும் என்று தனியாக உட்கார வைத்துச் சொல்ல ஒருவர் வேண்டும். கதவு சாத்துகிற அறை என்று மேலே எழுதியது இதற்குத்தான்.

அப்புறம் இன்னொரு விஷயம், எங்களுக்குள்ளேயே நாங்கள் ஒளித்து வைத்திருப்பது. ஆள் எதிரில் உட்கார்ந்திருக்கிறார், ஆனால் நான் கல்யாணம் பண்ணிக்கொண்ட ஆள் இல்லை. அழுதால் "தாலி நிலைச்சிருக்கே, எதுக்கு அழுகை" என்று அதட்டுகிறார்கள். செத்தவர்களுக்குப் பதினாறு நாள் உண்டு, ஊர் வந்து துக்கம் கேட்கும். இதற்குக் கேட்க யாரும் வருவதில்லை. பாலின் பாஸ் என்கிற அமெரிக்க ஆய்வாளர் 1970-களில் வியட்நாம் போரில் காணாமல் போன சிப்பாய்களின் குடும்பங்களைப் பார்த்து, முடிவு தெரியாத இழப்பு என்று ஒன்று உண்டு, அது மற்றத் துக்கங்களைப் போல ஆறுவதில்லை என்று எழுதத் தொடங்கினார். உடம்பு இருந்து ஆள் மாறிப்போன வீடுகளுக்கும் அது பொருந்தும் என்று சேர்த்துக்கொண்டார். அதைக் கேள்விப்பட்டபோதுதான் எனக்குப் பைத்தியம் பிடிக்கவில்லை என்று நிம்மதி வந்தது. பிள்ளைகளுக்கும் இப்படித்தான். என் பொண்ணு ஸ்கூலில் அப்பா பெயரையே சொல்லாமல் ஒதுங்க ஆரம்பித்தாள், அவளுக்கு அவள் வயசுக்குத் தகுந்த மாதிரி யாராவது சொல்லியிருக்க வேண்டும், உன்னால் வந்த கோபம் இல்லை இது என்று.

அவருடைய துக்கத்தை நான் கடைசியில் எழுதுவதற்குக் காரணம், அதுவும் வீட்டில் கடைசியாகத்தான் தெரிய வந்தது. முதல் சில மாதம் தனக்கு ஒன்றும் இல்லை என்றவருக்கு, மூளை தேறத் தேறக் குறை தெரிய ஆரம்பித்தது. இதில் உள்ள கொடுமையே இதுதான், நன்றாக ஆகிறார் என்று நாங்கள் சந்தோஷப்பட்ட நேரத்தில்தான் அவர் உள்ளுக்குள் இடிந்துபோனார். "நான் அன்னிக்கே போயிருக்கணும்" என்றார் ஒருநாள், கொல்லைப்புறத்தில் பழைய கட்டிங் பிளேடைத் துடைத்துக்கொண்டு. கை கால் தேறியாச்சு, ஆபரேஷன் தழும்பு ஆறியாச்சு, ஓ.பி.யில் இனி வர வேண்டாம் என்று சொல்லியாச்சு, அந்த நேரத்தில்தான் அவருக்குப் பேச்சுத்துணை ரொம்பத் தேவைப்பட்டது. அதனால்தான் டிஸ்சார்ஜ் அன்றைக்கு ஒரு தடவை பேசினால் போதாது, ஒரு வருஷமாவது வேண்டும் என்கிறேன்.

சரி, அரசு ஆஸ்பத்திரியில் இதெல்லாம் நடக்கிற காரியமா என்று நீங்கள் கேட்கலாம். நடக்கிறது என்பதற்கு உங்கள் வளாகத்திலேயே சாட்சி இருக்கிறது. எச்.ஐ.வி. சோதனைக்குப் போகிறவருக்கு நம்பிக்கை மையம் இருக்கிறது, அங்கே ரத்தம் எடுப்பதற்கு முன்னால் ஒருமுறை, முடிவு வந்தபின் ஒருமுறை, கவுன்சலர் ஒருவர் தனியறையில் உட்கார்ந்து பேசுகிறார். ஊரே வாய் திறக்கக் கூசிய ஒரு நோய்க்கு இதைச் செய்து காட்டியது இதே துறைதான். இன்னும் நெருக்கமாக ஒன்று சொல்கிறேன், என் வீட்டுக்காரர் படுத்திருந்த அதே ஐ.சி.யூ.வில், பக்கத்துப் படுக்கையில் ஒரு தம்பிக்கு மூளைச்சாவு என்று சொல்லிவிட்டார்கள். அந்த அப்பா அம்மாவோடு உறுப்பு தானம் பற்றிப் பேச ஒருவர் வந்தார். அவசரப்படுத்தவில்லை, தண்ணீர் கொடுத்தார், அவர்கள் கேட்ட ஒரே கேள்விக்கு நாலைந்து தடவை பொறுமையாகப் பதில் சொன்னார், அந்த அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபோது அவரும் தரையில் உட்கார்ந்தார். 2008-லிருந்து உறுப்பு தானத்தில் தமிழ்நாடு எடுத்த பெயருக்கு அப்படிப்பட்ட ஒருங்கிணைப்பாளர்கள்தான் முதுகெலும்பு, உறுப்பு மாற்று செய்கிற மருத்துவமனையில் அவர்கள் இருக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. 2023 செப்டம்பரிலிருந்து தானம் கொடுத்தவருக்கு அரசு மரியாதையும் உண்டு, கொடுக்க வேண்டியதுதான், அந்தக் குடும்பங்களை நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் அன்று அதே ஐ.சி.யூ. வாசலில் நின்ற எனக்கு, மூளை பிழைத்த குடும்பத்துக்கு, அப்படி ஒருவர் வரவில்லை. அந்த ஒருவரை எங்களுக்கும் கொடுங்கள் என்பதுதான் என் கோரிக்கை.

அந்த ஆளால் இன்னும் பல கதவுகள் திறக்கும். 2016-ம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகை சொல்லியிருக்கிறது, அதில் தலைக்காயம் என்று தனியாக ஒரு வகை இல்லை. மாற்றுத்திறனாளி சான்றிதழ் கொடுக்கிற முகாமுக்குப் போனால் கை கால் டாக்டர் மேசை, காது மூக்கு மேசை, கண் மேசை, மனநல மேசை என்று இருக்கிறது. கை கால் நன்றாக இருக்கிறவரை எலும்பு டாக்டர் திருப்பி அனுப்புகிறார், மனநல டாக்டர் இது நரம்பு சம்பந்தப்பட்டது என்கிறார். பேச்சு போனவருக்குப் பேச்சு மொழிக் குறைபாடு என்ற வகை பொருந்தலாம், மற்றவர்களுக்கு நாள்பட்ட நரம்பியல் பாதிப்பு என்றோ மனநோய் என்றோ பார்க்க வழியிருக்கிறது, எந்த மேசைக்கு எந்தச் சோதனைத் தாளோடு போக வேண்டும் என்று சொல்லித்தான் ஆளில்லை. மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை அந்தச் சான்றிதழ் இருந்தால்தான் கேட்கவே முடியும், சிமென்ட் மூட்டை தூக்கவும் வீட்டு வேலைக்குப் போகவும் ஆரம்பித்துவிட்ட மனைவிமார்களுக்கு அது சின்னத் தொகை இல்லை.

விபத்து நஷ்ட ஈட்டு வழக்கிலும் இதே கதைதான். கால் போனதற்குச் சதவீதம் போடத் தெரிந்த இடத்தில், கோபத்துக்கும் மறதிக்கும் சதவீதம் போட, ஞாபகத்தையும் கவனத்தையும் யோசனையையும் அளக்கிற நரம்பு உளவியல் சோதனை வேண்டும், அது இருப்பதே நிறையக் குடும்பங்களுக்குத் தெரியாது, வக்கீல்கள் சிலருக்கே தெரியாது. 2007-ல் பெற்றோரோடு டிராக்டரில் போகும்போது லாரி மோதி மூளை சேதமடைந்த 12 வயதுப் பெண் குழந்தைக்கு 2020-ல் உச்ச நீதிமன்றம் 62 லட்சத்துக்கு மேல் கொடுக்கச் சொன்னது, அதில் கூட இருந்து பார்த்துக்கொள்ள ஆள் வைப்பதற்கென்றே 21.60 லட்சம். பார்த்துக்கொள்வதும் செலவுதான், அதுவும் வேலைதான் என்று நாட்டின் உச்ச நீதிமன்றம் ஒப்புக்கொண்டிருக்கிறது.

எப்படிச் செய்யலாம் என்று எங்களை மாதிரிக் குடும்பங்கள் சிலர் பேசி வைத்திருக்கிறோம். முதலில் ஒவ்வொரு அரசு மருத்துவக் கல்லூரியிலும் நரம்பு அறுவை சிகிச்சை வார்டுக்கு ஒரு ஆலோசகரை நியமியுங்கள், கிளினிக்கல் சைக்காலஜி படித்தவரோ மருத்துவச் சமூகப் பணி படித்தவரோ, பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல, நரம்பியல் மருத்துவமனையிலோ சென்னை கே.கே. நகர் அரசு புனர்வாழ்வு மருத்துவ நிலையத்திலோ அனுப்பித் தலைக்காயத்துக்கென்று பயிற்சி கொடுத்துக் கூட்டி வாருங்கள். குடும்பத்தைக் கூடவே தங்க வைத்துச் சொல்லிக் கொடுக்கிற வழக்கம் வேலூர் சி.எம்.சி.யின் மனநலப் பிரிவில் எத்தனையோ வருஷமாக இருக்கிறது, தெரியாத வித்தை இல்லை இது. டிஸ்சார்ஜ் தாளோடு தமிழில் இரண்டு பக்கம் சேர்த்துக் கொடுங்கள், கோபம், மறதி, அலுப்பு, வாசனை, சத்தம், குடி, வண்டி ஓட்டுவது, தற்கொலைப் பேச்சு வந்தால் என்ன செய்வது, இவ்வளவுதான், எழுத்து பெரிதாக இருக்கட்டும்.

"மக்களைத் தேடி மருத்துவம்" 2021 ஆகஸ்டிலிருந்து வீட்டுக்கு வருகிறது. பிசியோதெரபிஸ்ட் வந்து என் வீட்டுக்காரர் தோளை அசைத்துவிட்டுப் போனார், தங்கமான பிள்ளை. அவர் தோளைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது எதிரில் உடைந்த கண்ணாடியோடு பீரோ நின்றது. அந்தக் குழுவுக்கு ஒரு நாள் பயிற்சி கொடுத்து, "ராத்திரி தூங்குறாரா, வீட்டுல யாரையாவது அடிக்கிறாரா, நீங்க தூங்குறீங்களாம்மா" என்று மூன்று கேள்வி கேட்கச் சொன்னால் போதும், யாரை ஆலோசகரிடம் அனுப்ப வேண்டும் என்று தெரிந்துவிடும். 14416 டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் பேசுகிறவர்களுக்கும் தலைக்காயத்தைப் பற்றிச் சொல்லிக் கொடுங்கள், ராத்திரி பதினொரு மணிக்கு நாங்கள் கூப்பிடக்கூடிய இடம் என்று எங்களுக்குத் தெரிந்தது அதுதான்.

மாதம் ஒருமுறை எங்கள் மாதிரிக் குடும்பங்கள் கூடி உட்கார வார்டுக்குப் பக்கத்தில் ஒரு அறையைத் திறந்துவிடுங்கள். இங்கிலாந்தில் ஹெட்வே என்ற அமைப்பு இப்படிக் குடும்பங்கள் கூடித்தான் 1979-ல் ஆரம்பித்தது, இன்று ஊர் ஊராகக் கிளை வைத்திருக்கிறார்கள், போலீஸிடம் காட்டுவதற்குத் தலைக்காயம்பட்டவர் என்று அட்டைகூடக் கொடுக்கிறார்கள். அந்த அட்டை எங்களுக்கு இருந்திருந்தால் அன்று ராத்திரி ரோட்டோரம் அவர் தலை குனிந்து நின்றிருக்க வேண்டியதில்லை. புதிதாக வந்து ஐ.சி.யூ. வாசலில் பாயைப் போட்டுப் படுத்திருக்கிற பெண்ணோடு பேச நாங்களே வருவோம், சம்பளம் வேண்டாம், உள்ளே விட அனுமதி மட்டும் வேண்டும்.

எல்லா மாவட்டத்துக்கும் ஒரே நாளில் முடியாது என்பது எங்களுக்கும் தெரியும். ஒரு ஆஸ்பத்திரியில், ஒரு வார்டில், இந்த வருஷம் ஆரம்பியுங்கள். யாரை எங்கே பார்த்துப் பேச வேண்டும் என்று ஒரு பதில் போடுங்கள், நானும் இன்னும் சில குடும்பங்களும் நீங்கள் சொல்கிற நாளில் வந்து, எழுதி வைத்திருப்பதை நேரில் கொடுக்கிறோம். என் வீட்டுக்காரரும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். அவரிடமும் கேளுங்கள், மெதுவாகத்தான் பேசுவார், கொஞ்சம் பொறுத்தால் எல்லாவற்றையும் சொல்வார்.

இப்படிக்கு,
தலைக்காயத்திலிருந்து பிழைத்த ஒரு டைல்ஸ் மேஸ்திரியின் மனைவி,
திருச்சி மாவட்டம்